கால் எங்கே இருக்கிறது? தண்டுவடக் காயத்துக்குப் பின் நடை பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

தண்டுவடத்தில் அடிபட்டவர் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டால், பார்க்க வரும் சொந்தபந்தம் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "காலுக்குப் பலம் வந்துவிட்டதா?" ஈரோடு மாவட்டத்தில் கோபி, சத்தி, பவானி சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவன் நான். கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன். அது தெரியாவிட்டால் எவ்வளவு பலம் வந்தாலும் நடை நிலைக்காது. காலைத் தூக்க முடிந்தும் வாசற்படியில் இடறுகிறவர்கள், முழங்கால் திடீரென்று பின்னுக்கு வாங்கித் தடுமாறுகிறவர்கள், பகலில் ஒழுங்காக நடந்துவிட்டு அந்தி சாய்ந்ததும் சுவரைத் தேடுகிறவர்கள் ஆகியோரில் பலருக்கு மூட்டு நிலை உணர்வுதான் குறைந்திருக்கிறது.

தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்படாமல், காலில் ஓரளவு அசைவு திரும்பி, வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்து நடக்கத் தொடங்கியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். அறுவை செய்த மருத்துவர் "நிற்கலாம், பாரம் ஏற்றலாம்" என்று சொன்ன பிறகுதான் இதில் உள்ள பயிற்சிகள் எதையும் தொட வேண்டும். நிற்கும் பயிற்சி, நடைப் பயிற்சி ஒவ்வொன்றையும் முதன்முறை செய்யும்போது உங்கள் இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்த உணர்வு எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு தசைக்குள்ளும் அதன் நீளத்தை அளக்கும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இருப்பவை இழுவிசையை அளக்கின்றன. மூட்டுறையும் தோலும் தம் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. இவை எல்லாம் சேர்ந்துதான், பார்க்காமலே முழங்கால் மடங்கியிருக்கிறதா நீண்டிருக்கிறதா என்று நமக்குச் சொல்கின்றன. சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1906இல் இந்த உணர்வுக்குத் தனிப் பெயரே வைத்தார்.

காலிலிருந்து கிளம்பும் இந்தச் செய்தி தண்டுவடத்தின் பின்பக்க நரம்புக் கற்றை வழியாக, அதே பக்கமாகவே மேலே ஏறி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு வந்த பிறகுதான் மறுபக்கம் தாண்டுகிறது. வலியும் சூடும் குளிரும் அப்படி இல்லை. அவை தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச உயரத்திலேயே மறுபக்கம் தாண்டி வேறு பாதையில் போகின்றன. சோமனூர்த் தறியில் பாவு இழைகள் அடுத்தடுத்து ஓடினாலும் ஒவ்வொன்றுக்கும் தனி வழி இருப்பதைப் போலத்தான் இதுவும். எந்த இழை அறுந்தது என்பதைப் பொறுத்துத் துணியில் விழும் குறை மாறும். அதனால்தான் ஊசி குத்தினால் துள்ளுகிற ஒருவருக்குக் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகிறது. நிலை தெரிந்த இன்னொருவருக்குச் சுடுதண்ணீர் பட்டாலும் உறைப்பதில்லை. தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் சேதமானால் அடிபட்ட பக்கத்துக் காலில் அசைவும் நிலை உணர்வும் குறையும், எதிர்ப்பக்கத்துக் காலில் வலியும் சூடும் குறையும். பிரவுன் செக்கார்டு என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிய நிலை இது. "ஒரு கால் செத்தும் மற்றது மரத்தும் இருக்கிறதே, டாக்டர் ஏதோ மறைக்கிறார்" என்று அரண்டுபோயிருந்த ஒரு குடும்பத்துக்கு இதைக் காகிதத்தில் படம் வரைந்து காட்டியபோதுதான் அவர்கள் முகம் தெளிந்தது.

மருத்துவமனை அறிக்கையில் ஏ முதல் இ வரை ஒரு தர எழுத்து இருக்கும். அந்தச் சர்வதேசப் பரிசோதனையில் உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் மெல்லிய தொடுதலையும் குண்டூசிக் குத்தலையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மூட்டு நிலை உணர்வு அதில் விருப்பப் பகுதிதான், மதிப்பெண்ணில் சேராது. எனவே அறிக்கையில் "டி" என்று நல்ல தரம் இருந்தாலும் இந்த உணர்வைச் சோதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேளுங்கள், சோதிக்கச் சொல்லுங்கள்.

முதலில் சோதித்துப் பாருங்கள்

இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் பிடிக்கும் முறை தவறினால் முடிவே தவறிவிடும்.

அவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு கையால் பாதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரல்களால் கட்டைவிரலின் இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் பிடியுங்கள். மேலும் கீழுமாகப் பிடிக்கக் கூடாது. அப்படிப் பிடித்தால் விரல் அழுத்தமே அவருக்கு விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். பக்கத்து விரலிலும் உரசக் கூடாது. முதலில் கண் திறந்திருக்கும்போதே "இது மேல், இது கீழ்" என்று காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மெதுவாக அசைத்து நிறுத்திக் கேளுங்கள். மேல், கீழ், மேல், கீழ் என்று வரிசையாகப் போகாமல், அடுத்தது எது என்று ஊகிக்க முடியாதபடி கலைத்துச் செய்யுங்கள். பத்து முறை கேட்டுச் சரியானதை மட்டும் எண்ணுங்கள். ஒன்றுமே உணராதவர் குத்துமதிப்பாகச் சொன்னாலும் ஐந்து சரியாக வந்துவிடும். எட்டோ அதற்கு மேலோ வந்தால்தான் அந்த மூட்டில் உணர்வு இருக்கிறது என்று நம்பலாம்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னையிலிருந்து விழுந்த ஓர் இளைஞனுக்கு அவன் அம்மாயிதான் இந்தச் சோதனையைச் செய்கிறார். "மேலா, கீழா, சொல்லு கண்ணு" என்று அவர் கேட்பார். பேரன் தப்பாகச் சொன்னால் அந்த அம்மாளுக்கு மனசு தாங்காது. "சரிதான் சாமி" என்று சொல்லிவிடுவார். பாசத்தால் சொன்ன அந்த ஒரு சொல் கணக்கையே கெடுத்துவிடும். அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன்: விடை சரியா தப்பா என்று சோதனையின்போது எதுவுமே பேச வேண்டாம், காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு மட்டும் போடுங்கள். இப்போது அவர் போடும் கோடுகளை நம்பித்தான் நான் அடுத்த வாரப் பயிற்சியை முடிவு செய்கிறேன்.

கட்டைவிரல் முடிந்ததும் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மேலே வாருங்கள். கட்டைவிரலில் ஒன்றுமில்லாமல் முழங்காலில் நன்றாக இருப்பது சகஜம். அது நல்ல செய்தி, நடை பழக அந்த முழங்காலே பெரிய முதல்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே பின்பக்கக் கற்றை கெடும். நாட்பட்ட சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளைக் கெடுக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் பழைய விபத்தின் கணக்கில் எழுதிவிட்டால், மருந்தில் சரியாகக்கூடிய ஒன்றைத் தவறவிடுவோம்.

படுக்கையில் தெரிந்தது நடையில் தெரியுமா

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. படுத்திருக்கும்போது இன்னொருவர் காலை அசைக்கிறார். நடக்கும்போது நம் தசையே காலை அசைக்கிறது. தசை தானாகச் சுருங்கும்போது அதற்குள் இருக்கும் உணர்விகளும் முறுக்கேறித் தெளிவாகச் செய்தி அனுப்புகின்றன. அதோடு பாதத்தில் பாரம் இறங்கும்போது தசைநாணும் உள்ளங்காலும் பேசத் தொடங்குகின்றன. எனவே படுக்கையில் ஆறு மதிப்பெண் வாங்கிய சிலர் நடையில் அதைவிட நன்றாகவே செய்கிறார்கள். மாறாக, படுக்கையில் நிதானமாக யோசித்துச் சரியாகச் சொல்கிறவர், நடையில் ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க நேரமில்லாமல் தடுமாறுவதும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதால்தான், ஆராய்ச்சிக்கூடங்களில் காலோடு பிணைத்த இயந்திரச் சட்டத்தில் இடுப்பையும் முழங்காலையும் நகர்த்தி இந்த உணர்வை அளக்கிறார்கள். உணர்வு குறைந்தவர்களுக்குத் தடையைத் தாண்டும் நடைதான் கடினமாக இருக்கிறது.

மூளைக்குச் செய்தி போகாவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காயத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடப் பகுதி உயிரோடுதான் இருக்கிறது. கால் நரம்புகள் அதற்குச் செய்தி கொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. நடக்கும்போது பின்னால் இருக்கும் காலில் இடுப்பு நன்றாகப் பின்னுக்கு நீள வேண்டும், அந்தக் காலின் பாரம் குறைய வேண்டும். இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்துதான் "இனி இந்தக் காலை வீசலாம்" என்று தண்டுவடத்துக்குச் சைகை காட்டுகின்றன. குனிந்து, வாக்கர்மேல் சாய்ந்து, குட்டி குட்டி அடியாக வைக்கிறவருக்கு இந்தச் சைகை கிடைப்பதே இல்லை. எனவே நான் முதலில் திருத்துவது நிமிர்வைத்தான். வாக்கரின் உயரம் குறைவாக இருந்தால் அன்றே மாற்றிவிடுவேன்.

பயிற்சி: ஊகி, பார், திருத்து

இந்தப் பயிற்சிகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். முதலில் பார்க்காமல் ஊகிக்க வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். பிழை எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லித் திருத்த வேண்டும். எந்நேரமும் குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டு நடந்தால் கண் கற்றுக்கொள்ளுமே தவிர கால் கற்றுக்கொள்ளாது. அதற்காகக் கண்ணைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். இயான் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயருக்கு 1971இல், 19 வயதில், நோய்த்தொற்றுக்குப் பிறகு நரம்பு பாதித்துக் கழுத்துக்குக் கீழே நிலை உணர்வு முழுவதும் போய்விட்டது. கண்ணை மட்டுமே நம்பி அவர் மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். அவருக்கு வேறு வழி இல்லை. பாதி உணர்வு மிஞ்சியிருப்பவருக்கு வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

நிற்பதில் தொடங்குங்கள். பீரோக் கண்ணாடி முன்னால், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்படி நில்லுங்கள். பின்னால் ஒருவர் இடுப்புப் பட்டையைப் பிடித்திருக்க வேண்டும். சட்டையையோ கையையோ பிடிப்பது பாதுகாப்பு ஆகாது. இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்கிறதா என்று கண்ணாடியைப் பார்க்காமல் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். வீட்டில் எடை பார்க்கும் கருவிகள் ஒரே மாதிரி இரண்டு கிடைத்தால் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று வைக்கலாம், அது காட்டும் எண் ஏமாற்றாது. அடுத்தது முழங்கால். லேசாக மடக்கி நிறுத்துங்கள். முழுதாக நீட்டிப் பூட்டிக்கொண்டு நிற்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் உணர்வு குறைந்த முழங்கால் பின்னுக்கு வளைவது அவருக்கே தெரியாமல் நடப்பதால், நாளடைவில் மூட்டு தேய்ந்து வீங்கும். "பூட்டாதே" என்று நான் ஒரு நாளில் சொல்வதற்கு அளவே இல்லை.

நடைக்கு நெல் காயப்போடும் சிமென்ட் களம் நல்ல இடம். கோலமாவால் குறுக்குக் கோடுகள் போடுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் அவருடைய இயல்பான அடி அளவே இடைவெளி இருக்கட்டும். முதல் சுற்றில் கோட்டைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம். அடுத்த சுற்றில் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு நேரே பார்வையை வைத்து அடி எடுத்து வைக்க வேண்டும். பாதம் தரையில் பட்டதும் நின்று, "கோட்டுக்கு முன்னால் நாலு விரல்" என்பது போல ஊகத்தைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே குனிந்து பார்க்கலாம். கோலமாவில் பதிந்த பாதத்தின் தடம் குதிகால் எங்கே பட்டது, நுனி எவ்வளவு இழுத்தது என்பதை அப்படியே காட்டிவிடும். நுனியிலிருந்து மாவு கோடாக இழுபட்டிருந்தால் கணுக்கால் போதுமான அளவு மடங்கவில்லை என்று அர்த்தம். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

அடுத்தது நடுவில் நிறுத்துவது. அவர் நடந்துகொண்டிருக்கும்போது கூட வருபவர் திடீரென்று "நில்" என்று சொல்ல வேண்டும். பார்வை நேராக இருக்கும்போதே எந்தக் கால் முன்னால், முழங்கால் மடங்கியிருக்கிறதா, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. எந்த மூட்டில் ஊகம் அடிக்கடி தப்புகிறதோ அந்த மூட்டுக்குத்தான் மறுநாள் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

தாண்டும் பயிற்சிக்கு முதலில் மடித்த சாக்குப் பை, பிறகு தென்னை மட்டை. தடுக்கினால் நகர்ந்துவிடும் பொருளாக இருக்க வேண்டும். செங்கல் வேண்டாம். முன்னால் போகும் கால் தாண்டிவிடும், கண் அதைப் பார்த்துக்கொள்கிறது. மாட்டிக்கொள்வது பின்னால் வரும் கால்தான், ஏனென்றால் அது தாண்டும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. எனவே பின்னால் வரும் காலுக்கே கவனத்தைக் கொடுங்கள்.

தரையை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். சிமென்ட் களம் பழகிய பின் மண் வாசல், அதன் பின் லேசான சரிவு. வரப்பு கடைசி. வரப்பில் அகலமும் இல்லை, மட்டமும் இல்லை, ஓரத்தில் ஈரமும் இருக்கும். விவசாயி என்றால் மனசு அங்கேதான் முதலில் ஓடும், தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

நாளொன்றுக்கு எவ்வளவு நேரம்? களைப்பு வந்தால் ஊகம் தப்பத் தொடங்கும், அதுதான் நிறுத்த வேண்டிய இடம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிடக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் நல்லது. பொதுவாகக் காயத்துக்குப் பின் முதல் ஆறு மாதத்தில் மாற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகு மெதுவாகும். மெதுவாவதை நின்றுவிட்டது என்று எண்ணிப் பயிற்சியை விட்டவர்கள் பலர்.

கையும் செருப்பும்

ஊன்றுகோல் பாரம் தாங்க மட்டும் இல்லை. விரல் நுனி சுவரை லேசாகத் தொட்டாலே உடலின் ஆட்டம் குறைகிறது. கையில் உணர்வு நன்றாக இருப்பவருக்குத் தடி தரையைப் பற்றிய செய்தியையும் கொண்டுவருகிறது. "தடி இல்லாமல் நடந்து காட்டு" என்று வீம்புக்குப் பறிக்க வேண்டாம். கழுத்தில் அடிபட்டவர்களுக்குக் கை உணர்வே குறைந்திருக்கலாம், அவர்களுக்கு இது அவ்வளவு உதவாது.

செருப்பு குதிகாலில் வார் உள்ளதாக, அடிப்பாகம் கெட்டியாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். மெத்தென்ற தடித்த ஷூ காலுக்கு வரும் செய்தியை மழுங்கடிக்கும். ரப்பர் செருப்பு கழன்று போவதே தெரியாது. வெறுங்கால் நடைக்குச் செய்தி அதிகம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சூடும் வலியும் தெரியாதவருக்குச் சித்திரை வெயிலில் களமும் கோயில் கல்தளமும் கொப்புளம் போட்டுவிடும். காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) அல்லது கணுக்கால் தாங்கி கொடுத்திருந்தால் நீங்களாகக் கழற்றி எறிய வேண்டாம். தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுநாள் அந்தக் காலுக்கு ஓய்வு.

நேர்த்திக்கடன் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். "கால் வந்துவிட்டால் பண்ணாரி அம்மனுக்குக் குண்டம் இறங்குகிறேன்" என்று தீ மிதிக்க வேண்டிக்கொண்ட வீடுகள் உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், அது பலரை எழுந்து நிற்க வைத்திருக்கிறது. ஆனால் சூடு உணராத, அடி எங்கே விழும் என்று தெரியாத காலோடு குண்டத்தில் இறங்கக் கூடாது. அவருக்காக வேறொருவர் செய்யட்டும், அல்லது வேறு காணிக்கையாக மாற்றிக்கொள்ளட்டும்.

வீட்டிலும் தோட்டத்திலும்

கண் மறையும் இடங்களைத் தேடிப் பட்டியல் போடுங்கள். முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடுவது அதில் முதல். நிலை உணர்வு இல்லாதவர் தண்ணீர்த் தொட்டிமேல் அப்படியே சாய்ந்துவிடுவார். தலைக்கு ஊற்றும்போது சீயக்காய் கண்ணில் பட்டால் அதே ஆபத்து. நாற்காலி போட்டு உட்கார்ந்து குளிக்கட்டும். சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவதும் உட்கார்ந்தே நடக்கட்டும்.

தோட்டத்து வீடுகளில் மும்முனை மின்சாரம் வேளை கெட்ட வேளையில் வரும். கரண்ட் வந்த சத்தம் கேட்டதும் மோட்டார் போட இருட்டில் எழுந்து ஓடுவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். காயத்துக்குப் பிறகு இதை விட்டே ஆக வேண்டும். மொபைல் ஸ்டார்ட்டர் வைத்துவிட்டால் கட்டிலில் இருந்தே மோட்டாரை ஓட்டலாம். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தரையோரமாகச் சிறு விளக்குகளும், கரண்ட் போனாலும் எரியும் ஒரு சார்ஜ் விளக்கும் தேவை. பழைய வீடுகளில் ஆசாரம் என்னும் கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவே இருக்கும் படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு அடித்துவிடுங்கள். ஆட்டுக்குட்டியும் நாயும் காலுக்குள் வராமல் கட்டிப் போடுங்கள்.

ரோட்டில் நடக்கும்போது நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். நடந்துகொண்டே பதில் சொல்ல வேண்டாம். நின்று, தடியை ஊன்றி, பேசி முடித்துவிட்டு நடையைத் தொடருங்கள். உணர்வு குறைந்த நடைக்குக் கவனம்தான் முட்டுக்கொடுக்கிறது. பேச்சு அதைப் பிடுங்கிவிடும்.

யாரிடம் போவது, எப்போது ஓடுவது

கோவைக்கோ ஈரோட்டுக்கோ வாரா வாரம் போக வசதியில்லாதவர்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் உண்டு. வருபவரிடம் உங்கள் கோடு போட்ட தாளைக் காட்டி, "மூட்டு நிலை உணர்வையும் பாருங்கள், நடையிலும் பாருங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெஞ்சுக்கு நடுமட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குப் பயிற்சியின்போது மண்டை வெடிப்பது போல் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், அது ரத்த அழுத்தம் எகிறுவதன் அடையாளமாக இருக்கலாம். உடனே உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழையுங்கள்.

சில நாட்களாகக் காலில் இறுக்கமும் துடிப்பும் கூடி நடை கெட்டால், முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பாதத்தில் புண் ஆகியவற்றைத் தேடுங்கள். பல மாதமோ பல வருடமோ நிலையாக இருந்த உணர்வு மறுபடி குறையத் தொடங்கினால், அல்லது பலவீனமும் வலியும் புதிதாக மேலேறினால், பயிற்சியைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். தண்டுவடத்துக்குள் நீர் கோத்துக் குழி விழுந்திருக்கலாம், அல்லது எலும்பு நகர்ந்து அழுத்தலாம். பழைய ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு அந்த வாரமே முதுகுத்தண்டு மருத்துவரைப் பாருங்கள்.